சுற்றுலாவுக்கு எழும்பூர் போங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவன். பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. போன மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களையும் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தேன். மொரப்பூரில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது சென்னை, அவ்வளவுதான். திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது, வீட்டில் இன்னும் அதே பேச்சு. அதனால்தான் இந்த வருஷச் சுற்றுலா எங்கே என்று நீங்கள் கூடிப் பேசுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானை என்றால் என்ன தெரியும்? ராத்திரி வெடிச் சத்தம், டார்ச் வெளிச்சம், காலையில் மிதிபட்ட ராகிக் காடு. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் ஒரு தோட்டத்து மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தபோது, கூட வந்த இரண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்ததை என் மகள் போனில் பார்த்தாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் பயமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் ஒரு யானையின் பக்கத்தில் நின்றது எழும்பூரில்தான், அதுவும் எலும்புக்கூட்டின் பக்கத்தில்.

சின்னவன்தான் முதலில் கேட்டான், "அப்பா, ஆனைக்கு நெத்தியில ஒரே கண்ணா?" என்று. மண்டை ஓட்டின் நடுவில் அவ்வளவு பெரிய ஓட்டை. அது கண் இல்லை, மூக்கு. தும்பிக்கை முழுக்கத் தசை, எலும்பு என்பதே அதில் கிடையாது, அதனால் அது தொடங்குகிற இடம் மட்டும் எலும்பில் குழியாக நிற்கிறது, கண்குழி பக்கவாட்டில் இருக்கிறது, தேடித்தான் பார்க்க வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவள் தரையோடு தரையாகக் குனிந்து பாதத்தைப் பார்த்துவிட்டாள். "இது நுனிக்கால்லப்பா நிக்குது!" உண்மைதான். உயிரோடு இருக்கும்போது குதிகாலுக்கு அடியில் கொழுப்பும் நாரும் சேர்ந்த மெத்தை ஒன்று இருக்கும், எலும்புக்கூட்டில் அது போய்விடுவதால் விரல்கள் சாய்ந்து ஊன்றி நிற்பது அப்படியே தெரிகிறது. அந்த மெத்தை இருப்பதால்தான் அத்தனை கனமான உருவம் நம் காட்டுக்குள் இறங்கும்போது காலடிச் சத்தமே கேட்பதில்லை.

என் அம்மா பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மி கொத்தின மாதிரி இருக்குது பாரு கண்ணு" என்றார். கடைவாய்ப் பல்லின் மேல் வரிவரியாக மேடு, அரைப்பதற்கென்றே. யானைக்கு வாழ்நாளில் ஆறு தடவை இந்தப் பல் வரும், நமக்கு மாதிரி கீழிருந்து முளைக்காமல் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும், கடைசிப் பல்லும் தேய்ந்துவிட்டால் மெல்ல முடியாமல் அது மெலிந்து போய்விடும். இதைக் கேட்டதும் பேத்தி ஆயாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். திமிங்கல எலும்புக்கூடும் பார்த்தோம், அதற்கும் வாய் பிளந்தார்கள், ஆனால் இரண்டாவது தடவை போய் நின்றது யானைக்கிட்டத்தான்.

அங்கே நாங்கள் நின்றிருந்தபோது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. வரிசை கலையக் கூடாது, நிற்கக் கூடாது, தொடக் கூடாது, பேசக் கூடாது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைத் தோளைப் பிடித்து இழுத்து வரிசையில் விட்டார்கள். பத்து நிமிஷத்தில் அந்தக் கூடமே காலி. அடுத்து கடற்கரை போக வேண்டுமாம். அந்தப் பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதை என்னால் மறக்க முடியவில்லை. அவ்வளவு தூரம் பஸ்ஸில் கூட்டிவந்து, வாசல் வரை கொண்டுவந்து, பார்க்க மட்டும் விடாமல் திருப்பி அனுப்பினால் அந்தக் காசும் தூக்கம் கெட்டதும் எதற்கு?

சரி, நான் கேட்பது இதுதான். வருஷா வருஷம் பெங்களூரு பக்கத் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்கே போகிறோம். பிள்ளைகளுக்கு அதுவும் சந்தோஷம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் மட்டும் எழும்பூர் போங்கள். அதே பயணத்தில் நாலு இடம் சேர்க்காதீர்கள், அங்கேயே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெரியவரை அனுப்புங்கள், ஒரே பொருளின் முன்னால் அரை மணி நேரம் ஒரு பிள்ளை நின்றாலும் நிற்கட்டும். 1851ல் தொடங்கின இடம் அது, 1855ல் சென்னையின் உயிரியல் பூங்கா பிறந்ததும் அந்த வளாகத்தில்தான், ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க யாராலும் ஆகாது.

முடிந்தால் தாத்தா, ஆயா யாராவது நாலு பேரையும் கூட்டிப் போங்கள். என் அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் எறும்புத்தின்னி என்று நான் படித்துக் காட்டியதும், "அழுங்குதானே இது, எங்கப்பா காலத்துல கரட்டுல நெறைய இருந்துச்சு, தொட்டா பந்து மாதிரி சுருண்டுக்கும்" என்று ஆரம்பித்து அது புற்றைக் கிளறுவதைக் கையால் செய்து காட்டினார். பக்கத்தில் நின்ற வேற்றுப் பிள்ளைகளும் வந்து கேட்டார்கள்.

ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சென்னை தூரம் என்றால் பெங்களூரு கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் இருக்கிறது, பக்கம்தான். அது அறிவியல் அருங்காட்சியகம், டைனோசர் மாதிரியும் வைத்திருக்கிறார்கள். அதுவும் முடியாத பள்ளிகள் ஒகேனக்கல்லுக்கே போகட்டும், ஆனால் மீன் வறுவலோடும் பரிசலோடும் திரும்பாமல் பாறையைக் கொஞ்சம் காட்டுங்கள். அங்கே கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை இருக்கிறது, பூமிக்கு அடியிலிருந்து குழம்பாக மேலே வந்து இறுகினது, வயது சுமார் 240 கோடி ஆண்டு. நான் எத்தனையோ தடவை அந்த ஊருக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறேன், ஒருத்தரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

எங்கள் பள்ளியில் போவதாக முடிவானால் ஒரு குழுவைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன், தக்காளி எடுக்கிற வேலையை ஒரு நாள் தம்பி பார்த்துக்கொள்வான். அம்மாவும் வரத் தயார், அந்தப் பல்லை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். தேதி மட்டும் பார்த்துப் போடுங்கள், வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அப்பா