கயலுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே அனைவரும் நலம். நல்ல மழை, கொல்லைக் கிணறு நிரம்பிவிட்டது. அத்தை உனக்கென்று வடகம் எடுத்து வைத்திருக்கிறாள்.

குட்டிக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. ஊசி போட்ட இடம் வீங்கியதா என்று அம்மா கேட்டபோது நீ பேச்சை மாற்றிவிட்டாய். அதற்கு முன்புதான் 'தடுப்பூசியில் பாதரசம், அதனால் ஆட்டிசம் வரும்' என்ற செய்தியை எனக்கு அனுப்பியிருந்தாய். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பாதரசம் இருப்பது உண்மைதான். அது அடங்கிய சேர்மத்தின் பெயர் தயோமெர்சால். வெள்ளைத் தூள், நீரில் எளிதில் கரையும், எடையில் பாதி பாதரசம். உடலுக்குள் அது எத்தில் பாதரசமாக மாறுகிறது. இரத்தத்தில் ஒரு வாரத்துக்குள் பாதியாகக் குறைந்து, மலத்தோடு வெளியேறிவிடுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் மீன் தின்றவர்களை முடக்கியது மெத்தில் பாதரசம். அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். மெத்திலைவிட எத்திலில் ஒரு கார்பன்தான் கூடுதல், அதனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதே. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைக் குடித்த மெத்தனாலுக்கும், சாதாரண மதுவில் இருக்கும் எத்தனாலுக்கும் இடையில் இருப்பதும் ஒரு கார்பன்தான்.

கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நீ, அளவையும் பார். ஒரு தவணையில் அதிகம் போனால் 25 மைக்ரோகிராம் பாதரசம். ஒரு கிராமில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு.

அதை ஏன் சேர்க்கிறார்கள் தெரியுமா? பத்துக் குழந்தைகளுக்கு ஒரே குப்பி. ஒவ்வொரு முறையும் அதன் ரப்பர் மூடிக்குள் ஊசி இறங்குகிறது. கிருமி நுழைந்தால் அதன் புரதத்தில் உள்ள கந்தகத்தைப் பாதரசம் பற்றிக்கொண்டு, அதைப் பெருகவிடாமல் தடுக்கிறது. 1928-இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில், கிருமித்தடுப்பு எதுவும் சேர்க்காத குப்பியிலிருந்து ஊசி போட்டதில் 12 குழந்தைகள் இறந்துபோயின. டென்மார்க் 1992-இல் தயோமெர்சாலைக் கைவிட்டது. அதற்குப் பிறகும் அங்கே ஆட்டிசம் குறையவில்லை.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனாலும், எவரோ எழுதியதை நம்பினாயே, வாழ்நாளெல்லாம் வேதியியல் சொல்லிக்கொடுத்த அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

வரும் புதன்கிழமை துணைச் சுகாதார நிலையத்துக்குப் போ. தவணை தப்பியிருந்தால் பயப்படாதே, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கைக்குழந்தைக்குக் கக்குவான் வந்தால் இருமக்கூட முடியாமல் மூச்சு நின்றுபோகும். அம்மா கண்ணால் பார்த்தவள். மாப்பிள்ளைக்குத் தயக்கம் என்றால் என்னிடம் பேசச் சொல், நான் கோபிக்க மாட்டேன். ஊசி போட்டதும் அட்டையைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பு. புதன்கிழமை, தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அப்பா