கயலுக்கு, பழைய கேமரா ஏலம் பற்றி

அன்புள்ள கயல்,

கிரீன் கார்டு வந்துவிட்டது, இனி நீ தாராளமாகச் சொந்தத் தொழில் செய்யலாம். எச்1பி விசாவில் இருந்தவரை தள்ளிப்போட்டது சரிதான்; அந்த விசாவோடு தனியாக வியாபாரம் நடத்தியிருந்தால் பெரிய சிக்கலாகியிருக்கும். பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கி ஈபே இணையதளத்தில் ஏலம் விடப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல சரக்கு. ஆனால் இதில் காசு சம்பாதிப்பதும் இழப்பதும் சோதனை மேசையிலேயே முடிவாகிவிடும். அதனால் முதலில் அதையே சொல்கிறேன்.

பென்டாக்ஸ் கே1000 கிடைத்திருப்பதாகச் சொன்னாய். 1976 முதல் 1997 வரை வந்த மாடல், ஷட்டர் முழுக்க இயந்திரம்தான். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டுமே. எல்ஆர்44 என்ற பொத்தான் பேட்டரி ஒன்று போதும். மீட்டரை அணைக்க அதில் ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடி திறந்தே கிடந்தால் பேட்டரி தீர்ந்துபோகும். எனவே முள் அசையவில்லை என்றதும் மீட்டர் செத்துவிட்டது என்று நினைக்காதே, புது பேட்டரி போட்டுப் பார். பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றிவிட்டு, வெளிச்சமான ஜன்னலை நோக்கிப் பிடித்து 1/1000 விநாடி வேகத்தில் தட்டு. படச்சட்டம் முழுக்க ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் இருட்டடித்தால் ஷட்டரின் இரு திரைகளின் வேகம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அதில் எடுக்கும் படத்திலும் அந்த ஓரம் கருத்துத்தான் வரும். ஒரு விநாடி வேகத்தில் வைத்துக் காதால் கேள். இழுத்துக்கொண்டே போனால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது.

பின்கதவின் ஓரப் பள்ளத்தில் கறுப்பு ஃபோம் இருக்கும். விரலால் தொட்டுப் பார். தார் மாதிரி ஒட்டினால் அது அழுகிவிட்டது, அந்த வழியே வெளிச்சம் கசியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிட்டு, புது ஃபோம் நறுக்கி ஒட்டு. உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடி மோதி நிற்கும் இடத்திலும் ஒரு ஃபோம் பட்டை உண்டு, அதை மறந்துவிடாதே. சுரண்டும்போது துகள் ஷட்டர் திரையில் விழக்கூடாது. செலவு மிகக் குறைவு, ஆனால் 'சீல் மாற்றியது', அதாவது இந்த ஃபோம் புதிது, என்று எழுத முடிந்தால் வாங்குபவர் நம்பிக் கேட்பார்.

லென்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார். சிலந்தி நூல் மாதிரிக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. பனி படர்ந்த மாதிரி வெண்மை என்றால் மூட்டம். கேனன் ஏஇ-1 வாங்கினால், தட்டும்போது கீச்சென்று இருமுகிறதா என்று கவனி. அது கண்ணாடியை ஏற்றி இறக்கும் பகுதியில் எண்ணெய் வற்றியதால் வரும் சத்தம். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் சொல்லாமல் விற்கக் கூடாது.

கண்ட குறையெல்லாம் விவரத்தின் முதல் வரியிலேயே வரட்டும், படமும் போடு. 'மின்ட்', அதாவது புதிது போலவே இருக்கிறது, என்ற சொல்லைத் தொடாதே. சொன்னபடி இல்லை என்று புகார் வந்தால் திரும்ப அனுப்பும் செலவும் உன் தலையில்தான் விழும். கேமராவின் சீரியல் எண்ணையும் படமெடுத்து வை. பொருளை மாற்றித் திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள்.

எதையெல்லாம் ஏலம் விடுவது? ஏலத்தில் விலை ஏற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் 120 டாலர் வரை தரத் தயாராக இருந்தும், அடுத்தவர் 70-இல் நின்றுவிட்டால் உனக்குக் கிடைப்பது 71தான். கே1000 போல எப்போதும் கிடைக்கும் பொருளை நிலையான விலைக்கே போடு. அபூர்வ லென்ஸ், பெட்டியோடு வந்த தொகுப்பு, நீயே விலை கணிக்க முடியாதது, இவைதான் ஏலத்துக்கு. விலை பார்க்கும்போது விற்று முடிந்தவற்றை மட்டும் பார். கேட்கும் விலையை யாரும் எவ்வளவும் போடலாம். கிழக்குக் கடற்கரை நேரப்படி ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஏழு நாள் ஏலமாகத் தொடங்கினால் அடுத்த ஞாயிறு அதே நேரம் முடியும். கலிஃபோர்னியாவில் அப்போது மாலை ஆறு. ஆரம்ப விலை, பொருளை விட்டுக்கொடுக்க நீ தயாராக இருக்கும் குறைந்த தொகைக்குக் கீழே இறங்க வேண்டாம். விலை ஏற்றிவிடத் தோழியை ஏலம் கேட்கச் சொல்லாதே. அது மோசடி, கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

கணக்கைக் கையால் போட்டுப் பழகு. 40-க்கு வாங்கி 90-க்குப் போனது என்று வை. வாங்குபவர் தபாலுக்கு 14, வரி ஏறக்குறைய 7 சேர்த்துக் கட்டுவார். ஈபே கட்டணம் வரியும் தபாலும் சேர்ந்த மொத்தத்தின் மேல், 13 சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஆக 15 டாலர் போச்சு. தபால் 14, பெட்டி, ஃபோம், பேட்டரி எல்லாம் சேர்த்து 5. மிஞ்சுவது 30. இதில் உன் இரண்டு மணி நேர உழைப்பும் அடக்கம். ஆண்டு நிகர லாபம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரி கட்ட வேண்டும், அதனால் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்து வை. புதுக் கணக்குக்கு மாத விற்பனை வரம்பு உண்டு, பணத்தையும் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் பிடித்து வைப்பார்கள். கையில் இருப்பதையெல்லாம் சரக்கில் போட்டுவிடாதே.

அனுப்பும்போது பேட்டரியைக் கழற்று, லென்ஸ் மூடியைப் போடு, சிலிக்கா ஜெல் ஒன்று வை. குமிழி உறை இரண்டு சுற்று, சின்னப் பெட்டி, அதைச் சுற்றி நாலாபுறமும் ஐந்து சென்டிமீட்டர் திணிப்போடு பெரிய பெட்டி. காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது.

உன்னிடமுள்ள இரண்டாவது கேமராவின் லென்ஸில் பூஞ்சை என்றாயே, அதைச் சொன்னபடி டார்ச் அடித்துப் படமெடுத்து இன்றே அனுப்பு. பூஞ்சை ஓரத்தோடு நின்றிருக்கிறதா, நடுவரை வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு என்ன விலை வைக்கலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
அப்பா