செயலாளர் ஆண்டறிக்கை: ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்த வருடம்

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கை நீளமாகப் போய்விட்டது, பின்வரிசையில் கொட்டாவி விட்டவர்களை நான் மேடையிலிருந்தே பார்த்தேன், அதனால் நிர்வாக விஷயங்களை இந்த முறை இரண்டு வரியில் முடிக்கிறேன். செயற்குழு ஒரு மழை மாதம் தவிர எல்லா மாதமும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சரி, இனி பறவைகள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் உங்களில் யாராவது சொல்லத்தான் போகிறீர்கள். நவம்பரில் ஒரு காலை கழிமுகத்துச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த கொசு உள்ளான்களை, அதாவது சின்னஞ்சிறு கரைப்பறவைகளை, ஸ்கோப் எனும் தொலைநோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றின் அலகு நுனி மட்டும் கரண்டி போல அகன்றிருந்தது. கை நடுங்கிவிட்டது. கரண்டிமூக்கு உள்ளான் என்றால் சும்மாவா, ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் மட்டும் குஞ்சு பொரிக்கிற, உலகத்திலேயே சில நூறுதான் மிச்சமிருக்கிற பறவை. யோசிக்காமல் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். வேலைக்குக் கிளம்பியவர்கள்கூட பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பதினோரு பேர் கரையில் வரிசையாகக் குந்தியிருக்க, அந்தப் பறவை நிதானமாகத் தண்ணீர் ஓரத்துக்கு நடந்து போய், அலகை இரண்டு தடவை முக்கி அலசியது. கரண்டி கரைந்துவிட்டது. சேற்று உருண்டை!

யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. உண்மையான கரண்டிமூக்கு உள்ளான் தலையைக் குனிந்தபடியே நடந்து அலகைப் பக்கவாட்டில் அசைத்துச் சேற்றைத் துழாவும், கொசு உள்ளான் போல டக் டக்கென்று பொறுக்காது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பார்த்த உருவம் கண்ணை மறைத்துவிட்டது. அரிய பறவை என்று தோன்றினால் பத்து நிமிடம் பொறுத்து, அது எப்படி மேய்கிறது என்று பார்த்துவிட்டு வாயைத் திறக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். இந்த விதி முதலில் பொருந்துவது எனக்குத்தான்.

ஆனால் அன்று நடந்த இன்னொன்றுதான் இந்த வருடத்தையே மாற்றியது. வந்ததுதான் வந்தோம் என்று பதினோரு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறத் தொடங்கியது, சேறு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது, தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த பறவைகளைத் தண்ணீரே எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. பவளக்காலிகள், வளைமூக்கு உள்ளான்கள், அப்புறம் ஏழெட்டு பட்டைவால் மூக்கன்கள், எல்லாம் பதினைந்து காலடி தூரத்தில். ஒரு மூக்கன் அலகைக் கண் வரைக்கும் சேற்றில் செருகி, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு புழுவை நீளமாக உருவி எடுத்ததை நாங்கள் ஸ்கோப் இல்லாமலே பார்த்தோம். அதுவரை ஒரு காலையில் நான்கு இடம் ஓடிப் பார்த்துவிட்டு ‘பறவையே இல்லை’ என்று அலுத்துக்கொண்டிருந்தவர்கள் நாம்.

புதிய உறுப்பினர்கள் அடிக்கடி கேட்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடலோரம் என்றால் கடிகாரத்தைப் பார்த்துப் போகாதீர்கள், ஓத அட்டவணையைப் பார்த்துப் போங்கள். வற்றம் முழுதாக இருக்கும்போது பறவைகள் மைல் கணக்கில் சிதறிக் கிடக்கும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய், வெயில் முதுகில் படுகிற மாதிரி இடம் பிடித்து, வானத்துக்கு எதிரே நிழலுருவமாகத் தெரியாமல் தாழ்வாக உட்கார்ந்துவிடுங்கள். உள்நாட்டுக் குளங்களில் ஓதம் கிடையாது, அங்கே நீர் வற்றி ஓரத்தில் ஈரச்சேறு வளையமாகத் தெரியும் நாட்கள்தான் நல்ல நாட்கள். குளம் ததும்பி நிற்கும்போது போய் உள்ளானைத் தேடினால் வாத்துதான் கிடைக்கும்.

எது எந்தப் பறவை என்று தெரியாவிட்டால் நிறத்தை விடுங்கள், மேய்கிற விதத்தைப் பாருங்கள். உப்புக்கொத்தி கண்ணால் தேடும் ஜாதி. ஓடும், சட்டென்று நிற்கும், ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். அதன் பெரிய கண்ணே அதற்குத்தான். உள்ளான்களில் பல அலகால் தடவித் தேடுபவை, நுனியில் தொடு உணர்ச்சி அதிகம், அதனால் தையல் மெஷின் போல நிற்காமல் குத்திக்கொண்டே போகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பம் தீராது என்பதற்கு பொரி உள்ளானும் கருப்பு உள்ளானுமே சாட்சி. பிப்ரவரியில் ஒரு குட்டையில் நின்ற ஒற்றைப் பறவைக்காக நம் துணைத்தலைவரும் மூத்த உறுப்பினர் ஒருவரும் முக்கால் மணி நேரம் வாதாடினார்கள், கடைசியில் பறவையே சலித்துப் பறந்து போய்த் தீர்ப்புச் சொன்னது: இறக்கையின் அடிப்பக்கம் கருகருவென்று இருந்தது, அப்படியானால் கருப்பு உள்ளான். பொரி உள்ளானுக்கு அடிப்பக்கம் வெளிறியிருக்கும், முதுகில் புள்ளிகளும் தெளிவாகத் தெரியும், எழும்பும்போது ‘சிப் சிப் சிப்’ என்று சொல்லிக்கொண்டு போகும். தோற்றவர் யார் என்று அறிக்கையில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் காலில் நிறக்கொடி கட்டிய வளைமூக்கு உள்ளான் ஒன்றும் இந்த வருடம் கிடைத்தது. கொடியின் நிறங்களும் அவை மேலே கீழே இருக்கும் வரிசையும் எந்த இடத்தில் கட்டியது என்பதைச் சொல்லும், ஆனால் பார்த்த நான்கு பேரில் இரண்டு பேர் இடதுகால் என்றும் இரண்டு பேர் வலதுகால் என்றும் எழுதியதால் நம்மால் முழுமையான தகவல் அனுப்ப முடியவில்லை. பறவையின் இடது, நம்முடைய இடது அல்ல. தயவுசெய்து அங்கேயே ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு இளம் பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்காமல் பறந்தது. அது போன வழி கருவி இருந்ததால்தான் தெரிந்தது. கருவி இல்லாத பறவைக்குக் கொடிதான் விலாசம்.

கணக்கெடுப்பு. 1967 முதல் ஜனவரி தோறும் பல நாடுகளில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நாமும் கலந்துகொண்டோம். முந்தைய வாரம் மேசையில் அரிசியை இறைத்து எத்தனை அரிசிமணிகள் என்று ஊகிக்கும் பயிற்சி வைத்தோம், அநேகமாக எல்லோரும் குறைத்தே சொன்னோம். பெரிய கூட்டத்தைப் பத்துப் பத்தாகக் கண்ணால் வெட்டி எண்ணிப் பழகியபின் கொஞ்சம் தேறினோம்.

இனி ஒரு மனக்குறை. மார்ச்சில், வெளியூரிலிருந்து வந்த ஒரு படப்பிடிப்புக் குழு, கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக ஓய்ந்திருந்த பறவைகளை மூன்று முறை ஓடி விரட்டியது. மார்ச் மாதம் அவை வடக்கே கிளம்புவதற்காகக் கொழுப்புச் சேர்க்கும் காலம், சில இனங்கள் எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக்கொண்டுதான் புறப்படும், ஒவ்வொரு விரட்டலும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கிற செலவு. நாம் பேசிப் பார்த்தோம், பலனில்லை. ஆனால் நம்மவர்களும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். செம்மூக்கு ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் பக்கத்தில் முட்டை இருக்கிறது, கூழாங்கல் போல வெட்டவெளியில் கிடக்கும், வந்த வழியே திரும்ப வேண்டும். நின்று படம் எடுத்த இருவருக்கும் நேரில் சொல்லிவிட்டேன், பெயர் வேண்டாம்.

பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுங்கால் உள்ளானை ‘வழக்கம்போல்’ என்று எழுதுவதை நிறுத்துங்கள், எண்ணிக்கை எழுதுங்கள். ஒன்றுமே பார்க்காத நாளையும் எழுதுங்கள். அரிய பறவைக்கு ஆறு பேர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார்கள், பொரி உள்ளான் முதலில் வந்து இறங்கிய தேதியைத் தேடினால் ஒருவர் பேனாவிலும் இல்லை.

சங்கத்து ட்ரைபாடின் ஒரு கால் பூட்டு உடைந்திருக்கிறது, கடைசியாக எடுத்துப் போனவர் சொல்லிவிட்டால் நல்லது. அடுத்த ஞாயிறு உச்ச ஏற்றம் காலை ஒன்பதரைக்கு, எனவே ஆறரைக்கெல்லாம் கரையில் இருக்க வேண்டும். உட்கார ஒரு சாக்கு கொண்டு வாருங்கள்.

செயலாளர்