பொடி வந்துச்சு, பில்டர் தான் இல்ல

அன்புள்ள அக்காவுக்கு,

காபிப் பொடியும் உன் லெட்டரும் வந்து சேந்துச்சு. இங்க ஜப்பான் வந்த மேலத்தெரு பையன் நாகோயா ஸ்டேஷன் வாசல்ல பொட்டலத்த கையில குடுத்துட்டு அடுத்த ட்ரெயினுக்கே ஓடிட்டான், வாடா வீட்டுக்குன்னு கூப்புட்டும் வரல. பதில் போட ரொம்ப லேட் ஆயிருச்சு. வேலை வேலைன்னு சொல்லி எனக்கே புளிச்சுப் போச்சு, அதனால அந்தக் காரணத்த எழுதல. போன் பண்ணா எப்பப் பாத்தாலும் அம்மா பக்கத்துல இருக்காங்க, நீ எழுதுன நில விஷயத்த அவங்க காதுல விழற மாதிரி பேச முடியாது, அதான் உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல காபிக்கு வர்றேன், நீ தான கேட்ட எதுல போட்டுக் குடிக்கிறேன்னு. வீடு மாத்துனப்ப லாரிக்காரங்க பெட்டி மேல பெட்டிய அடுக்குனதுல பில்டர் நசுங்கிப் போச்சு, மேல் பாத்திரம் கீழ உக்காரவே மாட்டேங்குது. கொஞ்ச நாள் கைக்குட்டையில வடிகட்டுனேன். அத நம்ம குப்பைப் பாட்டி பாத்துட்டாங்க. ஆமா அதே பாட்டி தான், பாட்டில் மூடியக் கழட்டாம போட்டேன்னு என் குப்பைப் பையத் திருப்பி கதவு முன்னாடி கொண்டாந்து வச்சாங்களே, சின்னவன் கூட விழுந்து விழுந்து சிரிச்சானே. மறுநாள் காலையில பெல் அடிச்சு ஒரு டீ பாத்திரத்த நீட்டுறாங்க.

இதுக்கு பேரு க்யூசு. கிரீன் டீ போடுற மண் பாத்திரம், செங்கல் கலர்ல வழவழன்னு இருக்கு, இங்கேருந்து ட்ரெயின்ல கொஞ்ச நேரத்துல போயிடலாம் தொகோநாமேன்னு ஒரு ஊரு, நான் வந்து இறங்குன ஏர்போர்ட் இருக்கே அந்த ஊரு தான், அங்க செய்யறது. பல நூறு வருஷமா அந்த ஊர்ல சூளை இருக்கு. பின்னாடி பிடி கிடையாது, பக்கவாட்டுல ஒரு குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும், வலது கையில அதப் புடிச்சு கட்டை விரலால மூடிய அமுக்கிக்கிட்டே சாய்க்கணும். அப்பா மாதிரி இடது கைக்காரங்க கையில குடுத்தா ஊத்துற மூக்கு தப்பான பக்கம் திரும்பிக்கும், இடது கைக்குன்னே தனியா செய்யறாங்களாம். உள்ள மூக்கு ஆரம்பிக்கிற இடத்துல மண்ணுலயே பொடிப்பொடியா ஓட்டை போட்டு ஒரு சல்லடை. மூடியில குண்டூசி தலையளவுக்கு ஒரு ஓட்டை இருக்கு, ஊத்தும்போது அத விரலால அடைச்சா ஊத்துறது நின்னுரும், எடுத்தா திரும்ப வரும், நான் சின்னப்புள்ள மாதிரி அதயே பண்ணிக்கிட்டு இருந்தேன்.

நீ அனுப்புன பொடிய மொதல்ல அப்படியே போட்டேனா, சிக்கரி ஊறி கூழா போய் அந்த சல்லடைய அடைச்சுக்கிச்சு, சொட்டுச் சொட்டா எறங்குது, ஆபீஸ் பஸ்ஸே போயிரும் போல. பில்டருக்கு நைசா அரைச்ச பொடி இதுக்கு ஆகாது. அடுத்த தடவை மெஷின்காரர்கிட்ட சிக்கரி இல்லாம ரவை பருவத்துல அரைக்கச் சொல்லு. நானே அரைச்சுக்கலாம்னா இங்க கரண்ட் 100 வோல்ட் தான், அம்மா கட்டிக்குடுத்த மிக்ஸி அலமாரியில அலங்காரமா உக்காந்திருக்கு.

இப்ப ஒரு வழிக்குக் கொண்டாந்துட்டேன். நாலு ஸ்பூன் குவிச்சுப் போட்டா 20 கிராம் கிட்ட வரும், கொதிச்ச தண்ணிய ஒரு நிமிஷம் ஆறவிட்டு 150 மில்லி ஊத்தி, கலக்கவே கூடாது, கலக்குனா நைசு பொடி எல்லாம் மேல வந்து அடைச்சுக்கும், அஞ்சு நிமிஷம் கழிச்சு மெதுவா சாய்ச்சா 110 மில்லி வருது, மிச்சத்த பொடியே குடிச்சுக்குது. கடைசி சொட்டு வரைக்கும் உதறுனா அடியில இருக்கற மண்டி வந்துரும். உண்மையச் சொல்லணும்னா நம்ம டிக்காஷன் திக்னஸ் வராது, இது ஊறிக்கிட்டு கிடக்குது அவ்வளவு தான், பில்டர்ல தண்ணி அடைச்சு வச்ச பொடிக்குள்ள பூந்து எறங்குற ஜோரே வேற. அதனால பாலக் குறைச்சுக்கிறேன். இங்க பாலு பெரும்பாலும் 120, 130 டிகிரியில ரெண்டு செகண்டு காய்ச்சுனது, ஏடே கட்டாது, காய்ச்சுன வாடை மட்டும் இருக்கும். கம்மி சூட்டுல காய்ச்சுன பால்னு தனியா வேற விக்கிறான், வாங்கறதில்ல, எனக்கு இந்தப் பாலே பழகிருச்சு. டபராவுக்கு சோத்துக் கிண்ணம், டம்ளருக்கு பிடி இல்லாத டீ கப்பு, தூக்கி ஆத்துனா நுரை நல்லாவே வருது.

பாட்டி போட்ட கண்டிஷன் என்னன்னா காபி போட்டா இதுல இனிமே டீ போடக்கூடாது, பளபளப்பு பூசாத மண்ணு, வாசனைய இழுத்து வச்சுக்கும். சோப்பும் கூடாது, வெந்நீர் ஊத்தி அலசி கவுத்தி வச்சா போதும். மூக்கு நுனி லேசா உடைஞ்ச பாத்திரம், அதான் எனக்கு வந்துச்சு. இருந்தாலும் அது அவங்க வீட்டுக்காரர் வச்சிருந்ததாம், தாத்தா போய் பல வருஷம் ஆச்சு. ஒருநாள் கப்புல ஊத்திக் குடுத்தேன், சக்கரையப் போட்டுட்டு தான் குடுத்தேன், ஒரு வாய் குடிச்சுட்டு முழிச்சாங்க பாரு. ஆனா முழுசா குடிச்சுட்டுத் தான் போனாங்க. அதுக்கப்புறம் வாரா வாரம் ஞாயித்துக்கிழமை கரெக்டா நான் பால் காய்ச்சுற நேரத்துக்கு குப்பை அட்டவணை பத்தி ஏதாவது சொல்ல வந்துருவாங்க.

முன்ன ஞாயித்துக்கிழமை காபிக் கடைக்குப் போவேன்ல, நாகோயா பக்கம் காலையில காபி வாங்குனா டோஸ்ட்டும் அவிச்ச முட்டையும் அதே காசுல குடுப்பாங்கன்னு சொல்லியிருக்கேனே. இப்ப வீட்டுலயே நல்ல காபி கெடைக்கிறதால போறதில்ல. சாப்பாடு பத்தி அம்மாகிட்ட கவலைப்பட வேணாம்னு சொல்லு. ராத்திரி 8 மணிக்கு மேல சூப்பர் மார்க்கெட்ல டப்பா சாப்பாட்டுக்கு பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, அதுக்கு காத்துக்கிட்டு நிக்கிறதே ஒரு ஜாலி. குளிரு ராத்திரியில 1 டிகிரி, 0 டிகிரின்னு போகுது, இபுக்கி மலையிலருந்து ஒரு காத்து அடிக்கும் பாரு, காது இருக்கா இல்லையான்னு தொட்டுப் பாக்கணும். ஹீட்டர் போட்டா தொண்டை காஞ்சு போகுது, அதனால நான் போடறதில்ல. ஓவர்டைம் இப்ப இல்ல, சீக்கிரம் ரூமுக்கு வந்துடறேன், நல்லா தூங்குறேன்.

பொடிய வார நாள்ல தொடறதில்ல, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் எடுக்கிறேன். டப்பாவ மட்டும் தெனமும் ஒருதடவ தொறந்து மூடுவேன். தொறந்ததும் நம்ம தாண்டிக்குடி தோட்டத்துக் களத்துல தார்ப்பாய் விரிச்சு நீயும் நானும் காப்பிக்கொட்டை கிளறுனது, தாத்தா வெயில்ல குடையப் புடிச்சுக்கிட்டு கத்துறது, அம்மா அடுப்புகிட்ட இருந்து பதிலுக்குக் கத்துறது. சில நாள் எல்லாத்தயும் போட்டுட்டு வந்துரலாம்னு இருக்கு அக்கா. சரி அத விடு. அம்மாகிட்ட இத படிச்சுக் காட்டாத.

நில விஷயம். நம்ம காப்பித் தோட்டத்த அந்த காட்டேஜ் ஆளுக்கு ஒத்திக்கு விடவே வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு. மூணு வருஷம்னு தான் பேசுவான், அப்புறம் ஒரு ஷெட்டு போடுவான், சில்வர் ஓக் மரத்த வெட்டுவான், நிழல் போச்சுன்னா காப்பிச் செடி என்னத்துக்கு ஆகும். காப்பி வெலை ஏறிக் கிடக்குற நேரத்துல யாராச்சும் தோட்டத்த கை மாத்துவாங்களா. காட்டுமாடு வந்து மிதிச்சுச்சுன்னு எழுதியிருந்த, மேக்கால வேலிய மட்டும் இப்ப சரி பண்ணச் சொல்லு. பழம் பறிக்க ஆள் கூலி எவ்வளவு ஆச்சுன்னு கணக்கப்பிள்ளை மாமாகிட்ட கேட்டு எழுது.

அதுமில்லாம பட்டா இன்னும் தாத்தா பேர்ல தான கெடக்கு. வாரிசு சான்றிதழ் வாங்கி, சித்தப்பாவையும் உக்கார வச்சு பேசி பேர் மாத்தாம எவன்கிட்ட கையெழுத்து போட்டாலும் வம்பு. ஒரு வில்லங்கமும் போட்டுப் பாருங்க. என் கையெழுத்து வேணும்னா இங்க தூதரகத்துல போட்டு பவர் அனுப்புறேன், ஆனா அது விக்கிறதுக்கு இல்ல, பாத்துக்க.

சின்னவன் பீஸுக்கு நான் அனுப்புறேன். மொத்தமா முடியாது, ரெண்டு தவணையா போடறேன், காலேஜ்ல கேட்டுப் பாக்கச் சொல்லு. முன்ன லட்சம் யென் போட்டா அங்க 65, 70 ஆயிரம் வந்துச்சு, இப்ப அந்த அளவுக்கு வர்றதில்ல, அதனால தான் தவணை, வேற ஒண்ணும் இல்ல. உன் செயின அடகு வைக்கறேன்னு எழுதியிருக்கியே, வைக்காத. மாமாகிட்ட ஏற்கனவே வாங்குனதே பாக்கி இருக்கு, அவருக்கு பிப்ரவரியில ஒரு பகுதி அனுப்பிடறேன்னு சொல்லு, போன் பண்ணி நானும் சொல்றேன்.

பாப்பாவுக்கு தடுப்பூசி போட்டாச்சா? அம்மா சுகர் ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு, அவங்க சொல்ற நம்பர் வேணாம். அப்பா அந்த ஆளப் பாக்க வெள்ளிக்கிழமை போறேன்னு சொன்னதா எழுதியிருந்த, அதுக்குள்ள இது கெடைச்சா சித்தப்பாவ கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு, தனியா விடாத.

உன் தம்பி