மின் சைக்கிள் மலை ஏற வேண்டுமா? முதலில் பல்லை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய கியர் சைக்கிளில் மிட் டிரைவ் மோட்டார் (பெடல் அச்சில் மாட்டும் வகை) மாட்ட நினைப்பவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை வாட்?’ அடுத்தது, ‘ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ பின் சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் இருக்கிறது என்று கேட்பவர் அரிது. விற்பவரும் தானாகச் சொல்வதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைப் பக்கமாகவே ஓட்டுபவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. கல்லாறு தாண்டி மேலே ஏறுபவருக்கோ, மோட்டார் பிழைப்பதும் பிழைக்காததும் அந்தப் பல் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார் சக்கரத்தை நேரடியாகச் சுற்றும். சைக்கிளில் எந்த கியர் விழுந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். மிட் டிரைவ் அப்படியல்ல. பெடல் அச்சில் உட்கார்ந்துகொண்டு, நம் காலோடு சேர்ந்து அதே செயினை இழுக்கிறது. ஏற்றத்தில் கியரைக் குறைத்தால் நமக்குப் பாரம் குறைவதைப் போலவே அதற்கும் குறையும். குறைக்காமல் விட்டால் நம்மைப் போலவே அதுவும் முக்கும். நமக்கு மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுவோம். மோட்டாருக்கு அது தெரியாது. மெதுவாகச் சுழலும்போது அது இழுக்கும் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் இரு மடங்கானால் செப்புச் சுருளில் எழும் வெப்பம் நான்கு மடங்கு. அந்தச் சூட்டில் முதலில் உயிரை விடுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரம். ‘மோட்டார் மட்டம்’ என்று திட்டிக்கொண்டு வருபவரின் பின் சக்கரத்தைப் பார்த்தால், பாதிப் பேருக்கு அங்கே 28 பல்லுக்கு மேல் இருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய மலைச் சைக்கிள்களில் முன்பக்கம் பெரும்பாலும் மூன்று பல்சக்கரம் இருக்கும். மிட் டிரைவ் மாட்டும்போது அந்த மூன்றும் கழன்றுவிடும். மோட்டாரோடு வரும் ஒரே பல்சக்கரம்தான் மிஞ்சும். டோங்ஷெங் டி.எஸ்.டி.இசட். 2 மோட்டாரோடு வழக்கமாக வருவது 42 பல், பாஃபாங் பி.பி.எஸ். வரிசையில் பெரும்பாலும் 44 அல்லது 46. முன்பு ஏற்றத்தில் கைகொடுத்த சின்னப் பல்சக்கரம் போய்விட்ட நிலையில், அந்த வேலை முழுவதையும் பின்பக்கம்தான் செய்தாக வேண்டும். மோட்டார் வந்த பிறகு சைக்கிளின் கியர் வீச்சு கூடுவதில்லை, குறைகிறது.

கணக்கு எளிது. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சக்கரச் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சைக்கிள் ஓடும் தூரம் கிடைக்கும். சுற்றளவுக்கு ஏட்டைப் புரட்ட வேண்டாம். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. சீட்டில் உட்கார்ந்து பாரத்தோடு ஒரு சுற்று உருட்டி, டயர் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு போட்டு டேப்பால் அளந்தால் போதும். 26 அங்குலம், 1.95 டயருக்கு ஏறத்தாழ 2.05 மீட்டர் வரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதிப்பது காலுக்கும் மோட்டாருக்கும் தோதான வேகம். ஒரு சுற்றுக்கு ஓடும் மீட்டரை 4.2-ஆல் பெருக்கினால், 70 சுற்றில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும்.

இதை மலையில் வைத்துப் பார்ப்போம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மலை ரயில் ஏறும் சரிவு ஏறத்தாழ 100 மீட்டருக்கு 8 மீட்டர். ரயிலே தண்டவாளத்தின் நடுவே பதித்த பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரத்தால் கவ்வித்தான் அதில் ஏறுகிறது. அதே சரிவுள்ள சாலையில், ஆளும் சைக்கிளும் பேட்டரியும் சேர்ந்து 100 கிலோ என்றால், பின்னோக்கி இழுக்கும் விசை டயர் உராய்வையும் சேர்த்து சுமார் 88 நியூட்டன். முன்னே 46, பின்னே 28 பல் வைத்தவர் ஒரு சுற்றுக்கு 3.37 மீட்டர் போகிறார். 70 சுற்றில் அது 14 கி.மீ. வேகம்; அதற்குச் சக்கரத்தில் 345 வாட் வேண்டும். கால் 100 வாட் கொடுத்தாலும் மீதி 245. 250 வாட் மோட்டார் தன் முழுச் சக்தியையும் விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்க முடியாதபோது வேகம் விழும், சுற்று 50-க்குக் கீழே போகும், சூடு ஏறும்.

அதே ஆள், அதே மோட்டார், முன்னே 42, பின்னே 34 என்றால் ஒரு சுற்றுக்கு 2.53 மீட்டர், 70 சுற்றில் 10.6 கி.மீ. வேகம். தேவைப்படுவது 260 வாட். காலின் 100 போக மோட்டாருக்கு 160. வேகத்தில் மூன்றரை கிலோமீட்டரை விட்டுக்கொடுத்ததற்கு மோட்டாரின் சுமை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. செயின் உரசல் தனிக்கணக்கு; ஆனால் ஒப்பீடு மாறாது.

எதிர்முனையையும் பார்க்கலாம். 42-க்கு 14 பல் வைத்தாலே 70 சுற்றில் 25.8 கி.மீ. வந்துவிடுகிறது. சட்டம் அதற்கு மேல் மோட்டார் தள்ளுவதை அனுமதிப்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள், மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பொருந்தினால்தான் அது சைக்கிள். 750, 1000 வாட் மோட்டாரை மாட்டிப் பதிவு செய்யாமல் சாலையில் ஓட்டுவது அந்த வரம்புக்குள் வராது. ஆகவே 11 பல் சக்கரத்துக்காகக் காசு செலவழிப்பது வீண். மோட்டாரின் இழுவையை ஐந்தாறு பல்லே தாங்க வேண்டியிருப்பதால் முதலில் தேய்வதும் அதுதான்.

பின்னே பெரிதாக்குவதா, முன்னே சிறிதாக்குவதா என்று கேட்டால், முதலில் பின்னே என்பேன். 42-க்கு 34 வைத்தாலும் 34-க்கு 28 வைத்தாலும் விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். செயினுக்கு அது ஒன்றல்ல. 42 பல் சக்கரத்தின் ஆரம் 85 மி.மீ.; 34 பல்லுக்கு 69 மி.மீ. மோட்டார் ஒரே திருப்புவிசையைக் கொடுக்கும்போது, சின்னச் சக்கரம் செயினை ஏறத்தாழ 24 சதவீதம் கூடுதலாக இழுக்கிறது. அந்த இழுவையைப் பின்னே 34 பல்லுக்குப் பதில் 28 பல் வாங்குகிறது. செயின் சீக்கிரம் நீளும், பல் சீக்கிரம் கூர்மையாகும். பின்னே 34 வைத்தும் போதவில்லை, மூட்டை முடிச்சோடு ஏற வேண்டும் என்றால் மட்டும் முன்னே 36-க்கு இறங்கலாம். டி.எஸ்.டி.இசட். 2-ல் ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 110 மி.மீ. என்பதால் 34 பல் வரை நேரடியாக உட்காரும். பாஃபாங்கில் கியர் மூடி துருத்திக்கொண்டு நிற்பதால், 42-க்குக் கீழே போனால் பல்சக்கரம் வெளிப்பக்கம் தள்ளிப்போய் செயின் கோணலாகும்.

இந்தக் கோணலைப் பலரும் கவனிப்பதில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, செயினைப் பின் பெரிய சக்கரத்தில் போட்டு, பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு பெடலைக் கையால் மெதுவாக முன்னோக்கிச் சுற்றிக் காது கொடுங்கள். கறகறவென்று அரைக்கும் சத்தம் வந்தாலும், செயின் பக்கத்துச் சக்கரத்தின் பல் நுனியை உரசினாலும் ஏற்றத்தில் அது கழலும். உள்நோக்கிக் குழிந்த முன் பல்சக்கரமாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அகலப் பல்லும் ஒல்லிப் பல்லும் மாறி மாறி வரும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது; முன் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) இல்லாத இடத்தில் செயினைப் பிடித்து வைப்பது அதுதான்.

பின்னே என்ன வாங்குவது? விலை மலிவான கியர் சைக்கிள்களில் இருப்பது ஹப்பின் மரையில் திருகும் 7 பல்சக்கர அடுக்கான பிரீவீல், 14 முதல் 28 பல். அதே ஹப்பில் ஏறும் 14–34 மெகாரேஞ்ச் பிரீவீல் கிடைக்கிறது, செலவு குறைவு. ஆனால் அதில் 24-லிருந்து நேராக 34-க்குத் தாவ வேண்டும். மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தாவல் செயினைச் சம்மட்டியால் அடித்த மாதிரி. தவிர, பிரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங் வெகு உள்ளே இருப்பதால், அச்சின் நீண்ட பகுதி தாங்கலின்றி நிற்கிறது. மோட்டார் இழுவையும் மூட்டைப் பாரமும் சேர்ந்தால் அச்சு வளையும், சில நேரம் ஒடியும். அடிக்கடி மலை ஏறுபவர் பின் சக்கரத்தையே கேசட் ஹப்புக்கு (பல்சக்கர அடுக்கை மரையில் திருகாமல் வரிகளில் செருகும் வகை) மாற்றிக்கொண்டு 8 பல்சக்கர 11–34 கேசட் போடுவது மேல். அதில் 11 பல் சக்கரம் கூடவே வரும்; நமக்கு வேண்டியது அதிலுள்ள 34. பெரிய சக்கரங்கள் ரிவெட் அடித்து ஒன்றாக இணைந்த கேசட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். தனித்தனியாகக் கழலும் சக்கரம் அலுமினிய ஹப்பின் வரியை அரித்துப் பள்ளமாக்கிவிடும். 10, 11 கியர் வேண்டவே வேண்டாம். செயின் மெலிதாகும், விலை கூடும், மோட்டாருக்கு அத்தனை படிகள் தேவையும் இல்லை.

பெரிய சக்கரம் போட்டால் பழைய செயின் நீளம் போதாது. டிரெய்லியரில் நுழைக்காமல், முன் பல்சக்கரத்தையும் பின் பெரிய சக்கரத்தையும் சுற்றி வளைத்துப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி சேர்த்து வெட்டினால் சரியாக இருக்கும். டிரெய்லியர் 34 பல்லைத் தாங்கும் வகைதானா என்பதையும் பார்க்க வேண்டும். அதன் மேல் உருளைக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி இருக்கும்படி, அந்த இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்குரூ என்ற திருகைத் திருக வேண்டும்.

மோட்டார் மாட்டும்போது, பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்பைக் கழற்றுவதில் ஒரு தடங்கல் வரும். வலப்பக்கக் கப் இடமரை. கழற்ற வேண்டுமானால் கடிகார முள் திசையில் திருக வேண்டும். தெரியாமல் எதிர்த்திசையில் சுத்தியலும் குழாயுமாகப் போராடிச் சைக்கிள் பிரேமைக் கெடுத்தவர்கள் உண்டு. பி.பி. கூட்டின் அகலம் 68 அல்லது 73 மி.மீ., உள்விட்டம் 33.5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாட்டி முதல் 100 கி.மீ. ஓடியதும் பூட்டு நட்டை மறுபடி இறுக்குங்கள். தளர்ந்தால் மோட்டார் மேலும் கீழும் ஆடி, மேலே சொன்ன செயின் நேர்கோடும் கெடும்.

ஓட்டும் விதத்திலும் பாதி விஷயம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம்தான் சரிவு கடுமை. வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய்க் குறைத்தால் முழு இழுவையிலும் செயின் தாவும், கண்ணி பிய்யும். கியர் கேபிளில் மாட்டும் சென்சார், மாற்றும் நொடியில் மோட்டாரை நிறுத்திவிடும். அது இல்லாதவர்கள், பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் பிரேக் லிவரை விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டு கியர் மாற்றலாம், பலன் அதேதான். மேல் கியரிலேயே நிறுத்திவிட்டு ஏற்றத்தில் மறுபடி கிளப்புவதுதான் மோட்டாருக்குச் செய்யும் பெரிய கொடுமை. அப்படி மாட்டிக்கொண்டால் இறங்கி, பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றிக் கீழ் கியருக்குக் கொண்டுவந்துவிட்டு ஏறுங்கள்.

செயினை அளக்க ஓர் அடி ஸ்கேல் போதும். ஊசி மையத்திலிருந்து ஊசி மையம் வரை 12 அங்குலம் இருக்க வேண்டியது 1.5 மி.மீ. கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 3 மி.மீ. கூடும்வரை விட்டால் கேசட்டும் கூடவே போயிருக்கும்; புதுச் செயின் பழைய பல்லில் வழுக்கும். மிட் டிரைவில் இது சாதாரண சைக்கிளைவிடச் சீக்கிரம் வரும், அது குறையல்ல.

இவ்வளவும் மலைக்கு. தஞ்சை, நாகை போன்ற சமவெளியில் 28 அங்குல ஒற்றை கியர் வண்டி வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டுக் கியர் வாங்க ஓட வேண்டாம். 42-க்கு 18 பல் பிரீவீல், 2.24 மீட்டர் சுற்றளவு என்றால் 70 சுற்றில் 22 கி.மீ. வரும், மோட்டாருக்கு அது சுகமான இடம். வண்டி கிளம்பும்போது நாலு மிதி நாமே மிதித்துக் கொடுத்தால் போதும். பின் சக்கரம் உட்காரும் இடைவெளியில் கியர் ஹப் நுழைக்க அந்த வண்டியின் பிரேமை வளைப்பதுதான் தப்பு.

சைக்கிளில் மாட்டும் மோட்டார் பெட்டி (கிட்) விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட் எண்ணைப் பெரிதாக அச்சிடும் அதே பெட்டியின் மேல், முன் பல்சக்கரத்தில் எத்தனை பல், அதன் போல்ட் வட்டம் எத்தனை மி.மீ., 8 சதவீத ஏற்றத்துக்குப் பின்னே குறைந்தது எத்தனை பல் வேண்டும் என்ற மூன்று எண்களையும் அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுது பார்க்கும் வாசகர்,
மேட்டுப்பாளையம்.