ஓதம் காயட்டும், அப்புறம் ஓவியம்: நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையருக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுவரோவியம், மேம்பாலத்தடி இருக்கை என்று எந்தத் திட்டம் வந்தாலும் பணம் முழுவதும் திறப்பு விழாவோடு தீர்ந்துவிடுகிறது. அடுத்த மழையில் பெயின்ட் உரியும்போது கேட்க ஆளில்லை. ஒதுக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கென்று முதல் நாளே எடுத்து வையுங்கள். இதுதான் எங்கள் முதல் கோரிக்கை.

20 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். புதிய சிமென்ட் பூச்சு என்றால் 28 நாள் காய வேண்டும். அதற்குமுன் பெயின்ட் அடித்தால் சிமென்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். பழைய சுவரில் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஓதம், அதாவது சுவருக்குள் ஊறிய ஈரம், இருக்கிறது. காரணம் பெரும்பாலும் சுவருக்குப் பின்னால்தான்: அணைத்துக் கொட்டிய மண், உடைந்த கால்வாய், கசியும் குழாய். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் நிற்காது. சுவரில் வெள்ளைப் பொடியாக உப்பு பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, பொடியை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும்.

அடிப்பூச்சான ப்ரைமர் 8 லிட்டர், வெளிச்சுவர் எமல்ஷன் பெயின்ட் இரண்டு கோட்டுக்கு 15 லிட்டர் பிடிக்கும். பல நிறங்களாகப் பிரிக்கும்போது சேதாரம் வரும், 20 லிட்டராக வாங்குங்கள். நூல் பிடித்து 50 செ.மீ. கட்டம் போட்டால் 240 கட்டங்கள். ஓவியர் கோடு வரைந்து ஒவ்வொரு பகுதியிலும் நிற எண்ணை எழுதிவிடுவார், நிரப்புவது தெருவாசிகள். கீழ் நான்கு வரிசையில் உள்ள 160 கட்டங்களைத் தரையில் நின்றும் சிறு முக்காலி வைத்தும் நிரப்பலாம். மேல் 80-க்குச் சாரம் வேண்டும், அது தொழில் தெரிந்தவர்கள் வேலை. நிறங்களை முன்கூட்டியே ஒரே தடவையில் கலந்து எண்ணிட்ட டப்பாக்களில் கொடுங்கள். ஆளாளுக்குக் கலந்தால் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் ஒரே பச்சை இரண்டு பச்சையாகிவிடும். ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் மூடி வையுங்கள், பிற்பாடு ஒட்டுப்போட உதவும். தரையை ஒட்டிய 30 செ.மீ.யில் ஓவியமே வேண்டாம். மழைச் சேறு தெறிக்கும் இடம் அது. அடர்நிறப் பட்டை போதும்.

இருக்கைகளுக்கு உடனே கான்கிரீட் போடாதீர்கள். 2009-ல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வாகனங்களைத் தடுத்தபோது முதலில் வைத்தது மலிவான மடக்கு நாற்காலிகளைத்தான். நிலையான கட்டுமானம் பின்னால் வந்தது. நீங்களும் இருபது நாற்காலியை இரண்டு வாரம் போட்டு வையுங்கள். மாலையில் அவை எந்த நிழலுக்கு நகர்ந்திருக்கின்றன என்று தினமும் குறித்துக்கொண்டு, அங்கே நிரந்தர இருக்கை கட்டுங்கள். உயரம் 45 செ.மீ., சாய்மானம் கட்டாயம். பெரியவர்கள் ஊன்றி எழ ஒரு பக்கமாவது கைப்பிடி வேண்டும். மழைநீர் தேங்காதபடி பலகைக்கு லேசான சரிவு கொடுங்கள். முன்னால் சக்கர நாற்காலி தாராளமாகப் போய்வர 1.5 மீட்டர் வழி விடுங்கள்.

சாலையில் வண்ணம் தீட்டுவதானால் பெயின்டில் மணல் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் வழுக்கும். போக்குவரத்துக் கோடுகளைப் போன்ற வெள்ளைப் பட்டைகளும் வேண்டாம்.

இந்த ஆண்டு ஒரு சுவரும் ஒரு நிழலிடமும் போதும். பராமரிப்புக்குப் பொறுப்பான அலுவலரின் பதவியையும் தொலைபேசி எண்ணையும் சுவர் மூலையில் எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓவியர்கள், கொத்தனார்கள், தெருவாசிகள்