குழாய்ப் பாலத்தைத் திறந்து கொடுத்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய நம் வார்டு மக்களுக்கு உங்கள் மாமன்ற உறுப்பினரின் வணக்கம்.

ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. கோவையில் சங்கனூர்ப் பள்ளத்தை ஒட்டிய நம் நான்கு வீதிகளிலும் இந்த ஆண்டு ஒரு வீட்டு வாசற்படியைக்கூட மழைநீர் தாண்டவில்லை. சென்ற ஆண்டு இதே மழையில், அரிசி மூட்டையைக் கட்டிலின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். இந்த இரண்டு மழைகளுக்கும் இடையில் நடந்த வேலையை யார் யார் செய்தார்கள் என்று முறையாகச் சொல்லி நன்றி கூறுவதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நன்றிக்கு முன்னால் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டு அக்டோபரில் முந்தைய மாமன்றத்தின் காலம் முடிந்த பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு மாநகராட்சிகள் எல்லாம் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. 2022 மார்ச் 2 அன்று நாங்கள் பதவியேற்றபோது, கண்ணுக்குத் தெரியும்படி உடனே ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. எல்லோரும் கேட்டது தார்ச்சாலை. கேட்டு வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிய தளம் போட வேண்டும் என்பதை நான் நின்று பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. சாலை அரையடி உயர்ந்தது; அதே அரையடிக்கு உங்கள் வாசல்கள் தாழ்ந்துபோயின. திறப்பு விழாவில் எனக்குப் போட்ட சால்வையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வெளியூரிலிருந்து வந்து நம் பகுதியில் குடியேறியவர்கள் பலர் இருப்பதால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். கொங்கு நாட்டில் பள்ளம் என்று நாம் சொல்வது மழைக்காலத்தில் ஓடும் சிற்றாற்றை. சங்கனூர்ப் பள்ளம் மேற்கே மலையடிவாரத்து நீரை வாங்கிக்கொண்டு நகரின் ஊடாக ஓடி, சிங்காநல்லூர்ப் பக்கம் நொய்யலைச் சேர வேண்டிய ஓடை. நம் நான்கு வீதிகளின் மழைநீரும் ஒரு கிளை வாய்க்கால் வழியாக இந்தப் பள்ளத்தில்தான் இறங்க வேண்டும். வாய்க்கால் எங்கே போயிற்று என்பதுதான் எவருக்கும் தெரியாமல் இருந்தது.

அந்தக் கேள்வியை எழுப்பியவர் இரண்டாம் வீதியில் இருக்கும் ஒரு பெரியம்மா. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் தொடங்கிய, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபாக் கூட்டங்கள் பெயரளவில் நடந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெள்ளம் வடிந்த பிறகு நடந்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, “ஏனம்மிணி, ஓட்டுக் கேக்க வந்தப்ப இந்த வாசப்படி கண்ணுக்குத் தெரிஞ்சுது, இப்பத் தெரியலையா?” என்று கேட்டார். அத்தோடு விடாமல், தம் மாமனார் காலத்தில் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடியது என்றும், அதில் துணி துவைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். என் பதவிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள திட்டு அது. அவருக்கு முதல் நன்றி.

அடுத்த வாரமே, மூன்றாம் வீதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையர் ஐயா பழைய புலப்பட நகலோடு என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் அதை விரித்து, வாய்க்கால் புறம்போக்கு என்று குறிக்கப்பட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். காகிதத்தில் அதன் அகலம் 30 லிங்ஸ். ஒரு லிங்ஸ் என்பது 7.92 அங்குலம் என்பதால் கணக்குப் போட்டால் ஏறக்குறைய இருபது அடி வருகிறது. தரையில் எங்களுக்குக் கிடைத்தது நான்கடிச் சாக்கடை. அது சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலத்தின் வாய், கட்டட இடிபாட்டு மண்ணுக்குள் முழுதாகப் புதைந்திருந்தது. எழுபது வயதைத் தாண்டிய அவர், வெயிலில் நான்கு நாள்கள் சங்கிலி பிடித்து நடந்து எல்லைக் கல் தேடிக் கொடுத்ததற்கு ஒரு காசு வாங்கவில்லை. நீர்மோர் மட்டும் குடித்தார்.

வாய்க்காலின் மேல் படிக்கட்டும் திண்ணையும் கட்டியிருந்த வீட்டுக்காரர்களைப் பற்றி எழுதுவது எனக்குச் சற்றுக் கடினமான பகுதி. அவர்களில் எவரும் தெரிந்து கட்டவில்லை. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. நோட்டீஸ் வந்த பிறகு வழக்குப் போடலாம், இழுத்தடிக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் ஊருக்குள் உண்டு. ஆனால் முனை வீட்டுக்காரர், மகள் திருமணத்துக்காகப் புதிதாக டைல்ஸ் ஒட்டிய திண்ணையைத் தாமே ஆள் வைத்து இடித்தார். அவரைப் பார்த்து மற்ற ஐந்து வீட்டாரும் இடித்துக்கொண்டார்கள். அன்று மாலை அவர் வீட்டு அம்மா எனக்குக் காப்பி கொடுத்தபோது ஒரு வார்த்தையும் பேசவில்லை. இந்த மழையில் அதே அம்மா என்னை அழைத்து, வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்கச் சொன்னார். இந்த ஆறு குடும்பங்களுக்கும் வார்டே கடன்பட்டிருக்கிறது.

இனி அலுவலக வேலை. உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரித்து, அது மண்டலக் கூட்டத்தில் வைக்கப்பட்டு, நிதி ஒதுக்கப்பட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டபோது முதல் முறை எவரும் விண்ணப்பிக்கவில்லை. சிறிய வேலை, இலாபமும் குறைவு. இரண்டாம் முறை வேலை எடுத்த ஒப்பந்ததாரருக்கும், மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று கோப்பைக் கையோடு தூக்கிக்கொண்டு நடந்த இளம் பொறியாளருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடலில் மிகுந்த மரியாதையோடு நான் குறிப்பிட விரும்புவது தூய்மைப் பணியாளர்களையும் அவர்களின் மேற்பார்வையாளரையும். குழாயின் நடுப்பகுதி அடைத்துக் கிடந்தபோது, “ஒரு ஆள் உள்ளே இறங்கினா அரை மணி நேரத்துல வேலை முடியும்” என்று நம்மவர்கள் சிலரே வற்புறுத்தினார்கள். குழாயில் வீட்டுக் கழிவுநீரும் கலந்திருந்தது. கழிவுநீர்க் குழாய்க்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கட்டும், உள்ளே நிற்கும் நச்சுவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும் என்பது அந்த மேற்பார்வையாளருக்குத் தெரியும். அவர் முடியாது என்று சொல்லி, அடைப்பு நீக்கும் இயந்திர வண்டி வரும்வரை இரண்டு நாள்கள் எல்லோருடைய ஏச்சையும் வாங்கிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றதற்காக அவருக்கு நன்றி. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்கும் ஆள் இறக்கக் கூடாது என்பதையும், அதற்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தோண்டி எடுத்த கழிவில் என்ன இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: தென்னை மட்டை, பிளாஸ்டிக் பை, மூட்டை மூட்டையாகச் செங்கல் துண்டு, இவற்றையெல்லாம் விட அதிகமாகப் பழைய மெத்தையும் தலையணையும். இலவம் பஞ்சு நனைந்து சேற்றோடு கெட்டித்துப்போய், மண்வெட்டிக்குக்கூட மசியாமல் கிடந்தது.

மகளிர் சுய உதவிக் குழுவினர் அந்த நாள்களில் வேலையாட்களுக்குச் சாப்பாடு செய்து கொடுத்தார்கள். தேநீர்க் கடைத் தம்பி கணக்கு எழுதவே இல்லை. மழை நாள்களில் இரவு பன்னிரண்டு மணிக்கும் குடையோடு வந்து குழாய் வாயில் சேர்ந்த குப்பையைக் கழியால் தள்ளிவிட்ட கல்லூரிப் பிள்ளைகளுக்கும் என் அன்பு; பரீட்சையைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

மற்ற செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடிநீர் இப்போதைக்கு அறிவித்த நாள்களில் வருகிறது. சிறுவாணி நீரும் பில்லூர் நீரும் நம் வார்டில் வெவ்வேறு வீதிகளுக்குப் போவதால், பக்கத்து வீதியில் வந்துவிட்டது, நமக்கு வரவில்லை என்று பதற வேண்டாம். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலோ அக்டோபரிலோ செலுத்துபவர்களுக்கு ஐந்து விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. நம் வார்டில் இதைப் பயன்படுத்தாமல் விடுபவர்கள் நிறைய. பூங்காவின் சுற்றுச்சுவரை ‘நமக்கு நாமே’ திட்டத்தில் கட்டலாம் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை நாம் திரட்ட வேண்டும். அந்தத் தொகையைப் பற்றிப் பேச அடுத்த பகுதி சபாவில் நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

செய்யாமல் நிற்பதையும் எழுதிவிட வேண்டும். இருபது அடி வாய்க்காலில் நாம் மீட்டது பாதியைக் கொஞ்சம் தாண்டும். நான்காம் வீதியின் கீழ்க்கோடியில் சாலை இன்னும் வாசலை விட உயரமாகவே இருக்கிறது. அடுத்த முறை தளம் போடும்போது பழையதைச் சுரண்டுகிறார்களா என்று பார்க்க நானே வந்து நிற்பேன். என்னோடு நிற்கப் பெரியம்மாவையும் அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பொங்கல் நெருங்குகிறது. வெள்ளையடித்து வீட்டை ஒழுங்கு செய்யும்போது கழிக்கும் பாய், மெத்தை, தலையணை, உடைந்த நாற்காலி எதையும் பள்ளத்துப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பொங்கலுக்கு முதல் நாள் வரும் காப்புக் கட்டுக்கு முந்திய மூன்று நாள்களும் காலை ஏழு மணி முதல் பிள்ளையார் கோவில் முனையில் இதற்கென்றே ஒரு வண்டி நிற்கும். படியிறங்க முடியாத வயதானவர்கள் முந்தைய நாளே சொல்லி அனுப்பினால், நம் கல்லூரிப் பிள்ளைகள் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள்.

நன்றியுடன்,
உங்கள் மாமன்ற உறுப்பினர்